பேசாதவனுக்குச் சொல்லிக் குடுத்த பாஷை

இத்தாலி பாஷையை எனக்கு எவனும் உக்காரவெச்சு சொல்லிக் குடுக்கல. ரெண்டாவது உலகச் சண்டையில நான் பட்டாளத்துல, பாலம் போடற பிரிவுல இருந்தேன். ரெண்டு வருஷம் அந்த ஊர் சேத்துல நின்னு, அந்த ஊர் ஜனங்க மாட்டுக்கொட்டாயில படுத்துக் கெடந்து கத்துகினது. ரொட்டி கேக்கத் தெரியும், வெறகு கேக்கத் தெரியும், கழுதையை வாடகைக்குக் கேக்கத் தெரியும். கெட்ட வார்த்தை ஒரு முப்பது நாப்பது தெரியும். இதை நீ ஒரு நாள் நாலு பேருக்கு வாத்தியாரா நின்னு சொல்லிக் குடுக்கப் போறேன்னு எவனாவது அன்னிக்கு சொல்லியிருந்தா, அவன் மூஞ்சியிலயே சிரிச்சிருப்பேன்.

அந்த நாளும் வந்துச்சு. புதுவாயலாண்ட இப்போ போனீங்கன்னா கும்மிடிப்பூண்டி வரைக்கும் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கம்பெனிங்கதான். ஐம்பதுகள்ல அங்க கருவேலங்காடும் நெல்லு வயலும் நடுவுல ஒரே ஒரு மில்லு. பழவேற்காட்டுல கைலி வியாபாரம் பண்ண ஒரு குடும்பத்துப் பெரியவரு கட்டினது. எல்லாரும் அவரை பாய்னுதான் கூப்புடுவோம். இத்தாலியிலேருந்து தறி மெஷினுங்களை கப்பல்ல கொண்டாந்து எறக்கினாரு, கூடவே அதை மாட்டி ஓட்டிக் குடுக்க ஒரு இத்தாலிக்காரனையும் எறக்கினாரு. நான் அங்க டைம்கீப்பர். கேட்டாண்ட உக்காந்து வர்றவன் போறவன் நேரத்தை எழுதறது என் வேலை.

ஒரு நாள் காலையில லாரியிலேருந்து பொட்டி எறக்கறப்போ ஒரு ஆளுக்கு கை நழுவிடுச்சு. பொட்டி சாஞ்சுது, ஒண்ணும் உடையல. இத்தாலிக்காரன் ஓடியாந்து அவனை வாய்க்கு வந்தபடி திட்டினான், அவன் ஆயாவை இழுத்தான். இங்க எந்தப் பயலுக்கும் புரியாதுன்ற தைரியம் அவனுக்கு. எனக்கு சுர்ருனு ஏறிச்சு. நோட்டை மூடி வெச்சுட்டு, அவன் பாஷையிலயே அவன் ஆயாவையும் அவங்க ஆயாவையும் சேர்த்து இழுத்தேன். அந்தாளு மூஞ்சி பீட்ரூட் கலர் ஆயிடுச்சு. நேரா ஆபீசுக்குப் போனான்.

வேலை போச்சுன்னுதான் நெனச்சேன். பாய் கூப்புட்டாரு.

"இன்னாப்பா, அந்தாளு அழுவாத கொறையா வந்து நிக்கறான். இன்னா சொன்ன நீ?"

"அவரு சொன்னதைத்தான் பாய் திருப்பி சொன்னேன். கொஞ்சம் கூட சேர்த்து சொன்னேன்."

பாய் தாடியைத் தடவினாரு. திட்டல. அவருக்கு வேற கவலை. நாலு ஆளுங்களை எட்டு மாசத்துக்கு இத்தாலிக்கு அனுப்பணும், அங்க மெஷின் செய்யற எடத்துலயே வேலை கத்துகினு வரணும். அங்க இங்கிலீஷ் பேசினா எவனும் திரும்பிக்கூட பார்க்க மாட்டான். ஆளுங்களுக்கு அந்த பாஷை வருதான்னு இந்த இத்தாலிக்காரன்தான் கேட்டுப் பார்த்து முடிவு பண்ணணும்.

"நீ சொல்லிக் குடு. நாலு மாசம் டைம். நாலு பேரும் தேறினா நீயும் துபாஷியா கப்பல் ஏறலாம். ஆனா ஒண்ணு. நாலு பேருல மூத்தவன்தான் மேஸ்திரியா போவான். அவன் வாயால 'இந்தாளு கூட வரணும்'னு சொல்லணும். அங்க எட்டு மாசம் உன் வாயோட பேஜாரு படப்போறது அவன்தானே."

 கப்பல் ஏறலாம்னு சொன்னதுக்கு மேல எதுவும் எனக்கு பெருசா படல.

இத்தாலியில ஒரு ஆத்தங்கரை இருக்கு. அங்கதான் எங்க தம்பியை எரிச்சோம். பெரியப்பா மகன், என்னைவிட ரெண்டு வயசு சின்னவன், என் கூடவே பட்டாளத்துல சேர்ந்தவன். மழையில வெறகு நனைஞ்சு பத்தல, டீசல் ஊத்தி எரிச்சோம். மறுநாள் பால் ஊத்தி எலும்பு பொறுக்கணும் இல்லையா? விடியறதுக்கு முன்னாடியே லாரியில ஏத்திட்டாங்க. ஒரு கை பால் அவனுக்கு ஊத்தல. சண்டை முடிஞ்சு வந்து எட்டு வருஷம் ஆச்சு, எங்க ஊட்டுல பால் காயறப்போல்லாம் எனக்கு அந்த ஞாபகம்தான். அங்க ஒரு தடவை போகணும், ஒரு சொம்பு பாலை ஊத்தணும். எனக்கு வேற எதுவும் வேணாம். எவன் மேஸ்திரியா வந்தா இன்னா, காலைப் புடிச்சாவது சம்மதம் வாங்கிடலாம்னு நெனச்சுகினு ஊட்டுக்குப் போனேன்.

மறுநாள் நாலு பேரு பட்டியல் வந்துச்சு. பொதட்டூர்பேட்டையிலேருந்து ஒரு நெசவுக்காரரு. செவ்வாப்பேட்டை பையன் ஒருத்தன், மெஷின் மாட்டற பிட்டர். பாயோட அக்கா மகன். நாலாவது ஆளு, நாலு பேருலயும் மூத்தவன், செத்துப்போன தம்பியோட கூடப்பொறந்த அண்ணன்.

என் பங்காளி. எனக்கு மூணு வயசு பெரியவன். எங்க ஊர்ல ஆயில் இன்ஜின் எது நின்னாலும் அவன் கையை வெச்சா ஓடும், அதனாலதான் மில்லுல சேர்த்துகினாங்க. நானும் அவனும் எட்டு வருஷமா ஒரு வார்த்தை பேசினது இல்ல. நான் பட்டாளத்துலேருந்து ஊர் திரும்பின அன்னிக்கு, தெருமுனையில இருக்கற அம்மன் கோயில் வாசல்ல கற்பூரத்தைக் கொளுத்தினான். "என் தம்பியை ஆசை காட்டி கூட்டிகினு போய் கொன்னுட்டு, இவன் மட்டும் முழுசா வந்து நிக்கறான். இவன் மூஞ்சியப் பார்த்து ஒரு வார்த்தை பேசினா நான் என் அப்பனுக்குப் பொறக்கல"ன்னு உள்ளங்கையால கற்பூரத்தை அடிச்சு அணைச்சான். எனக்கும் ரோஷம் பொத்துகினு வந்துச்சு. நானும் ஒரு கற்பூரத்தை அணைச்சேன். அந்த வடு இன்னும் என் கையில இருக்கு, அவன் கையிலயும் இருக்கும்.

அன்னியிலேருந்து நல்லது கெட்டது எதுக்கும் ஒருத்தர் ஊட்டுக்கு ஒருத்தர் போறதில்ல. எதுனா சொல்லியே ஆகணும்னா ஜாடைதான். அவன் அவங்க ஊட்டு எருமை கிட்ட சொல்லுவான்: "யாரோ நம்ம பக்கம் தண்ணியை அடைச்சுட்டாங்களாம்மா." நான் எங்க ஊட்டு சுவரு கிட்ட பதில் சொல்லுவேன். மில்லுக்கு ரெண்டு பேரும் ஒரே ரோட்டுல சைக்கிள்ல போவோம், நடுவுல பத்து கெஜம் எடம் விட்டு. அவனுக்கு செயின் கழண்டா நான் நிக்க மாட்டேன். எனக்கு பஞ்சர் ஆனா அவன் மணி அடிச்சுகினே போவான்.

இவனுக்குத்தான் நான் பாஷை சொல்லிக் குடுக்கணும். இவன் வாயாலதான் நான் வேணும்னு வரணும். பாய் கிட்ட போய் சொல்லலாமான்னு பார்த்தேன். சொன்னா வேற வாத்தியாரைத் தேடுவாரு. வாயை மூடிகினேன்.

மில்லு கொடோன்ல நூல் மூட்டைங்க நடுவுல ஒரு கரும்பலகை வெச்சாங்க. சாயங்காலம் ஷிப்ட் உட்டதும் ஒன்றரை மணி நேரம் வகுப்பு. மூணு பேரு எனக்கு எதிர்ல உக்காந்தாங்க. அவன் கடைசி மூட்டை மேல, ஜன்னலைப் பார்த்துகினு உக்காந்தான். நான் அவனைத் தவிர மத்த மூட்டைங்களுக்கெல்லாம் பாடம் நடத்தினேன். அவன் வந்திருக்கானான்னு கேக்கணும்னா நெசவுக்காரரைக் கேப்பேன். "வந்துக்கிறாராம்"னு அவரு சொல்லுவாரு. பாவம், அந்த மனுசனுக்கு இந்த துபாஷி வேலை வேற.

சொல்லிக் குடுக்கறதுன்னா இன்னான்னு எனக்கு தெரிஞ்சது ஒரே வழிதான். எங்க ஊர் பள்ளிக்கூடத்துல எனக்கு நடந்தது. பன்னெண்டு கேள்வி, பன்னெண்டு பதில் பலகையில எழுதிப் போட்டேன். உன் பேர் இன்னா, எந்த ஊர், இன்னா வேலை, கல்யாணம் ஆச்சா, இப்படி. நான் கத்துவேன், அவங்க திருப்பிக் கத்துவாங்க. தப்பு விட்டா முதல்லேருந்து. ரெண்டு மாசம் கொடோன் கூரையே அதிர்ந்துச்சு. ரோட்டுல போறவங்க நின்னு கேட்டுட்டுப் போவாங்க. எனக்கு பெருமை தாங்கல, வாத்தியார் ஆயிட்டேன்னு மீசையை முறுக்கிகினேன்.

ரெண்டாவது மாசக் கடைசியில இத்தாலிக்காரன் பார்க்க வந்தான், பாயும் கூட வந்தாரு. முதல்ல நெசவுக்காரரை எழுப்பினான். அவன் கேட்டது சின்னக் கேள்வி. "கோமே தி கியாமி?" உன் பேர் இன்னா, அவ்ளோதான். அவரு எழுந்தாரு, கையைக் கட்டினாரு, கண்ணை மூடினாரு. "கோமே தி கியாமி"ன்னு கேள்வியை ராகமா ஒரு தடவை சொல்லிட்டு, பேரைச் சொன்னாரு. அங்க நிறுத்தினாரா? இல்ல. ரெண்டாவது கேள்வியை அவரே கேட்டுகினாரு, அவரே பதில் சொன்னாரு. இத்தாலிக்காரன் கையைக் காட்டறான், போதும் போதும்ன்றான். இவரு கண்ணைத் தொறந்தாதானே? பன்னெண்டையும் ஒரே மூச்சுல ஒப்பிச்சு முடிச்சுட்டுத்தான் உக்காந்தாரு. எங்க பக்கம் பள்ளிக்கூடத்துல அப்படித்தான், கேள்வியையும் சேர்த்து சொல்லலைன்னா பிரம்படி. நான் சொல்லிக் குடுத்த லட்சணம் அது.

அடுத்தது செவ்வாப்பேட்டை பிட்டர். அவனை ஏழாவது கேள்வி கேட்டான் பாவி. இவன் ஏழாவதுக்கு வர, ஒண்ணாவதுலேருந்து ஆரம்பிச்சான். இத்தாலிக்காரன் கைக்குட்டையால மொட்டைத் தலையை தொடைச்சுகினு என்னைப் பார்த்து சொன்னான். "உன் பேச்சே மாட்டுக்கொட்டாய் பேச்சு. இதுங்களுக்கு அதுகூட வரல. நீ கிளி வளர்க்கற." பாய்க்கு நான்தான் மாத்தி சொல்லணும். கிளின்ற வார்த்தையை முழுங்கிட்டு, "இன்னும் கொஞ்சம் பழகணும்ன்றாரு பாய்"னேன். கடைசி மூட்டையிலேருந்து அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான்.

"ரெண்டு மாசம்தான் பாக்கி இருக்கு"ன்னு பாய் சொல்லிட்டுப் போயிட்டாரு. அன்னிக்கு ராவெல்லாம் எனக்குத் தூக்கமே இல்ல.

மறுநாள் வகுப்புல எனக்கு வெறி. கேள்வியை மாத்தி மாத்திக் கேட்டேன், எவனுக்கும் வரல. எல்லாக் கோவமும் அவன் மேல திரும்பிச்சு. ஜன்னலைப் பார்த்துகினு உக்காந்திருக்கானே, கல்லு மாதிரி. நான் பலகையைப் பார்த்து சொன்னேன். "சில பேருக்கு எருமை கூட பேசத்தான் வரும். மனுசன் பாஷையை எவ்ளோ ஊத்தினாலும் உள்ள எறங்காது."

மூட்டை அசைஞ்ச சத்தம் கேட்டுச்சு. திரும்பினேன். அவன் எழுந்து நின்னுகினிருந்தான். எட்டு வருஷத்துல முதல் தடவையா என் மூஞ்சியை நேரா பார்த்தான். பார்த்து, நிதானமா, இத்தாலியில சொன்னான்.

"தூ செய் புஜார்தோ."

நீ ஒரு பொய்யன். அந்த வார்த்தையை நான் சொல்லிக் குடுக்கவே இல்ல.

 நெசவுக்காரருதான் பதறிப் போய், "அண்ணாத்தே, சத்தியம் போச்சே! அம்மன் கிட்ட பண்ண சத்தியமாச்சே!"ன்னாரு. அவன் அவரைப் பார்த்து தமிழ்ல சொன்னான். "நான் பேசினது தமிழா? போன வாரமே பூசாரியை கேட்டுட்டேன். சத்தியம் பண்ணது தமிழ்ல. அந்தப் பாஷை நம்ம அம்மன் கணக்குல வராதுன்னுட்டாரு. அந்த வார்த்தையும் இந்தாளு குடுத்தது இல்ல. இத்தாலிக்காரனுக்கு ஒரு கட்டு பீடி குடுத்து வாங்கினேன்."

எனக்கு உடம்பெல்லாம் பத்திகிச்சு. நானும் இத்தாலியிலயே ஆரம்பிச்சேன். நீதான் பொய்யன், நீ கழுதை, நீ திருடன், எங்க தண்ணியைத் திருடினவன். அவனுக்கு பாதி புரியல. ஆனா புரியலன்னா உட்டுட மாட்டான். "கழுதை"ன்ற வார்த்தைக்கு அர்த்தம் இன்னான்னு பிட்டரைக் கேட்டான், பிட்டர் என்னைக் கேட்டான், நான் பலகையில கழுதையை வரைஞ்சேன். அவன் அந்தக் கழுதைக்கு கீழே என் பேரை எழுதினான். பாயோட அக்கா மகன் மூட்டை மேல உருண்டு உருண்டு சிரிச்சான். ஒன்றரை மணி நேரம் போனதே தெரியல. ரெண்டு மாசத்துல வராத வார்த்தை எல்லாம் அன்னிக்கு வந்துச்சு.

ஊட்டுக்குப் போற வழியில, பத்து கெஜம் முன்னாடி போறவன் முதுகைப் பார்த்துகினே யோசிச்சேன். இத்தனை நாளா நான் இன்னா பண்ணேன்? எவனுக்கும் சொல்லணும்னு தோணாத ஒண்ணை வாயில திணிச்சேன். உன் பேர் இன்னான்னு கேட்டா நெசவுக்காரருக்கு இன்னா வந்துச்சு? அவரு பேரு எனக்கு தெரியும்னு அவருக்கும் தெரியும். இவனுக்கு என்னைத் திட்டணும். எட்டு வருஷமா திட்டணும். அதுக்கு வார்த்தை வேணும், அதனால வார்த்தையைத் தேடிப் போய் வாங்கிகினு வந்திருக்கான். இவ்ளோதான் விஷயம். இது தெரிய எனக்கு ரெண்டு மாசம் ஆயிருக்கு, தூ.

மறுநாள் பன்னெண்டு கேள்வியையும் அழிச்சேன். "யார் மேல கோவம்? ஆளுக்கு ஒருத்தரை சொல்லுங்க"ன்னேன். முதல்ல முழிச்சாங்க. அப்புறம் நெசவுக்காரரு மெதுவா வாயைத் தொறந்தாரு. கேன்டீன்காரன் மேலயாம், நாஷ்டாவுக்கு பொங்கல்ன்ற பேர்ல கஞ்சியை ஊத்தறானாம். பிட்டருக்கு சூப்பர்வைசர் மேல கோவம். பாயோட அக்கா மகனுக்கு, சொன்னா நம்ப மாட்டீங்க, மாமன் மேலயே கோவம். "எங்க மாமுக்கு இந்தப் பாஷை தெரியாது இல்ல?"ன்னு நாலு தடவை கேட்டு உறுதி பண்ணிகினான். சரி, திட்டுங்கடான்னேன். ஒருத்தன் திட்டணும், ஒருத்தன் கேன்டீன்காரனா நின்னு பதில் சொல்லணும், ஒப்பிச்சா வெளிய போ. நான் நடுவுல நின்னு வார்த்தை மட்டும் எடுத்துக் குடுத்தேன். ஒரு மாசத்துல நாலு பேரும் பொரிஞ்சு தள்ளினாங்க.

என் பங்காளி மட்டும் வேற யாரையும் எடுக்கல. அவனுக்கு கேன்டீன்காரன் நான்தான், சூப்பர்வைசரும் நான்தான். தினம் ஒரு கேள்வியோட வருவான், தினம் அதே எடத்துல வந்து முடிப்பான். நீ பொய்யன். நானும் எதுல பொய்யன்னு கேக்க மாட்டேன். எனக்குத் தெரியும் அவன் எதைச் சொல்றான்னு.

ஐப்பசி மழை புடிச்சுகின ஒரு சாயங்காலம். மத்த மூணு பேரும் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டாங்க. நானும் அவனும் சைக்கிள் ஆளுங்க, மழை உடற வரைக்கும் அங்கதான் நிக்கணும். அவன் கடைசி மூட்டையிலேருந்து எழுந்து முன்னாடி வந்து உக்காந்தான்.

"மியோ ஃப்ரதெல்லோ"ன்னான். என் தம்பி. "எங்க? எப்படி?"

நான் அவங்க ஊட்டுக்கு எழுதின கடிதாசியில இருந்ததையே சொன்னேன். ஆபீசர் சொன்ன வேலைக்கு போன எடத்துல குண்டு உழுந்துச்சு, அந்த நிமிஷமே உயிர் போச்சு, வலி தெரியல.

"புஜார்தோ"ன்னான். கத்தல, திட்டல. அந்தக் கடிதாசி வந்த அன்னியிலேருந்து அவனுக்குத் தெரியும்னு எனக்கு அப்போதான் புரிஞ்சுது. கூட இருந்தவன் இவ்ளோ சுத்தமா எழுத மாட்டான்.

தமிழ்ல கேட்டிருந்தா நான் சொல்லியிருக்க மாட்டேன். எங்க அம்மா கிட்ட, என் பொண்டாட்டி கிட்டகூட சொன்னதில்ல. அந்தப் பாஷையில எனக்கு இருந்தது மாட்டுக்கொட்டாய் வார்த்தைங்கதான், ரொட்டி, வெறகு, குளிரு. அதை வெச்சு மூடி மறைக்க வழி இல்ல. பலகையில ஆத்தை வரைஞ்சேன். பாலத்தை வரைஞ்சேன். அந்தக் கரையில ஒரு ஊடு, அதுல ஒரு கிழவி, அடுப்பு. விடியக்காலம், குளிரு. பாலத்துக்குப் பலகை தூக்கிப் போடணும், முறை போட்டு ஒவ்வொருத்தனா போகணும்.

முறைன்ற வார்த்தை அவனுக்குத் தெரியல. "தூர்னோ"ன்னேன். புருவத்தைத் தூக்கினான். பலகையில வரிசையா ஆளுங்க பேரை எழுதினேன், டூட்டி லிஸ்ட்டு மாதிரி. நாலாவது எடத்துல என் பேரை எழுதினேன். அதைக் காட்டி, இது என் தூர்னோன்னேன். அப்புறம் துணியை எடுத்து என் பேரை அழிச்சுட்டு, அங்க அவன் தம்பி பேரை எழுதினேன்.

"ஏன்?"னு கேட்டான்.

எனக்கு குளிரா இருந்துச்சு. கிழவி சூப் வெச்சிருந்தா. அடுப்பாண்ட உக்காந்துகினு, நீ போடா, நான் பின்னாடியே வரேன்னு அவனை அனுப்பினேன். அவன் சரிண்ணான்னு போனான். குண்டு உழுந்தப்போ என் கையில கிண்ணம் இருந்துச்சு. அந்த நிமிஷமே சாகல. மத்தியானம் வரைக்கும் உயிர் இருந்துச்சு. தண்ணி கேட்டான், உன்னைக் கேட்டான். இதை அப்படியே, ஒவ்வொரு வார்த்தையா, அவனுக்குப் புரியற மாதிரி சொன்னேன். மத்தியானம்ன்றதுக்கு சூரியனை வரைஞ்சு காட்டினேன். இந்த மாதிரி ஒரு பாடம் நான் அதுக்கு முன்னாடியும் நடத்தல, பின்னாடியும் நடத்தல.

கடைசியா பால் சமாச்சாரத்தையும் சொன்னேன். ஊத்தலை, எட்டு வருஷமா ஊத்தலை, நான் போகணும், போய் ஊத்தணும். பாலுக்கு "லாத்தே"ன்னு சொல்லிக் குடுத்தேன். அவன் வாய்க்குள்ள ஒரு தடவை சொல்லிப் பார்த்துகினான். அந்த ஆத்துப் பேரு, கிட்ட இருக்கற ஊர் பேரு, ரெண்டையும் நோட்டுல எழுதச் சொன்னான், எழுதினேன். படத்தையும் அவன் பார்த்து வரைஞ்சுகினான்.

"ஓ காப்பீத்தோ"ன்னான். புரிஞ்சுது. மழை உடறதுக்கு முன்னாடியே சைக்கிளை எடுத்துகினு போயிட்டான். பலகையை நான்தான் அழிச்சேன்.

அதுக்கப்புறம் வகுப்புல அவன் என்னைத் திட்டவே இல்ல. நானே சீண்டிப் பார்த்தேன், கழுதைன்னேன், திருடன்னேன், ஒண்ணும் நடக்கல. மெஷின் பத்திக் கேப்பான், ரயில் பத்திக் கேப்பான், ஒரு ஊருக்கு வழி எப்படிக் கேக்கறதுன்னு கேப்பான். கேட்ட வார்த்தையை மறுநாள் உடாம திருப்பி சொல்லுவான். உச்சரிப்பு என்னைவிட சுத்தமா ஆயிடுச்சு. மன்னிச்சுட்டான்னு நெனச்சேன். நெனக்கறதுக்கு இன்னா, ஆசைதானே?

பரீட்சை ஆபீஸ் ரூம்ல நடந்துச்சு. பாய் நாற்காலியில, இத்தாலிக்காரன் பக்கத்துல, நான் சுவர் ஓரமா. நெசவுக்காரரு கண்ணைத் தொறந்துகினே பதில் சொன்னாரு. கேன்டீன் எப்படின்னு கேட்டதும் அவரு உட்ட திட்டுல இத்தாலிக்காரன் வயித்தைப் புடிச்சுகினு சிரிச்சான். பிட்டர் தேறினான். பாயோட அக்கா மகன் மாமனைப் பார்த்து சிரிச்சுகினே என்னென்னமோ சொன்னான், நான் அதை நல்லபடியா மாத்தி பாய்க்கு சொன்னேன். அவனும் தேறினான். கடைசியா எங்க ஆளு. கால் மணி நேரம் அவனும் இத்தாலிக்காரனும் தறி மெஷினைப் பத்தியே பேசினாங்க, கேள்வி ரெண்டு பக்கமும் போய்க்கினு வந்துச்சு. நடுவுல நாலு எடத்துல எனக்கே புரியல.

இத்தாலிக்காரன் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினான். மாட்டுக்கொட்டாயைப் பத்தி ஒண்ணும் சொல்லல.

"சரி, நாலு பேரும் தேறிட்டாங்க. மேஸ்திரி நீதான்"னு பாய் அவனைப் பார்த்தாரு. அப்புறம் இத்தாலிக்காரன் பக்கம் கையைக் காட்டி என் கிட்ட, "உன்னை துபாஷியா கூட அனுப்பணுமான்னு இவனை அவரையே கேக்கச் சொல்லு, பதிலையும் இவன் அந்தப் பாஷையிலயே சொல்லட்டும், கேப்போம்"னாரு. நான் கேள்வியை மாத்தி சொன்னேன். 

இத்தாலிக்காரன் கேட்டான். அவன் இத்தாலிக்காரனைப் பார்க்கல. என்னைப் பார்த்தான், அன்னிக்கு கொடோன்ல பார்த்த மாதிரியே நேரா. பார்த்துகினு, அவசரப்படாம பதில் சொன்னான். அதுல ஒரு தப்பு இல்ல. தப்பு இருந்தா திருத்தலாம்னு காது தானா தேடுது, ஒண்ணுமே கெடைக்கல.

இத்தாலிக்காரன் தோளைக் குலுக்கினான். பாய் என் பக்கம் திரும்பினாரு.

"இன்னாப்பா சொல்றான்?"

அந்த ரூம்ல மாத்தி சொல்ல வேண்டியவன் நான் ஒருத்தன்தான். "வேணும்ன்றாரு பாய்"னு ஒரே வார்த்தை சொன்னா போதும், கப்பல் ஏறிடலாம். மத்த மூணு பேரும் என்னைக் காட்டிக் குடுக்க மாட்டாங்க. இத்தாலிக்காரனுக்கு தமிழ் தெரியாது. என் பங்காளியால மறுத்துப் பேச முடியும், ஆனா பேச மாட்டான்னு எனக்குத் தெரியும். நான் இன்னா சொல்லப் போறேன்னு மட்டும் பார்த்துகினு நின்னான். கிண்ணம் கையில இருக்கற மாதிரி இருந்துச்சு எனக்கு.

"துபாஷி வேணாம்ன்றாரு பாய்"னேன். "எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டாரு, இனிமே இவரு தேவையில்ல. பால் கேட்டு வாங்கக்கூட எனக்குத் தெரியும். இதைத்தான் சொன்னாரு எங்க அண்ணன்."

"பாலா?" பாய் வாய்விட்டு சிரிச்சாரு. "டீ போட்டுக் குடிக்கவா? அப்போ பொழைச்சுக்குவான், உடு." இத்தாலிக்காரனும் எதுக்குன்னு தெரியாமலே கூட சேர்ந்து சிரிச்சான். எங்க அண்ணன் கண்ணைக் கீழே எறக்கிகினு, நோட்டை மடிச்சு இடுப்புல சொருகிகினு வெளிய போனாரு.